நோயாளி வந்துவிட்டார், கதை வரவில்லை

1990-களின் நடுவில் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தேன். நோயாளியை அடுத்த டொக்டரிடம் எப்படிக் கையளிப்பது என்று அந்த நாட்களில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. கையளிப்பதற்கு அடுத்த டொக்டர் என்று ஒருவர் பெரும்பாலும் இருக்கவுமில்லை. வாட்டுக்கு இரண்டு ஹவுஸ் ஒஃபிசர்மார். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். காலையில் கன்சல்டன்டோடு ரவுண்ட், பிறகு இரத்தம் எடுப்பது, சேலைன் ஏற்றுவது, கிளினிக், மாலை ரவுண்ட், இரவு முழுக்க அட்மிஷன். அட்டென்டன்ட் வந்து குவாட்டர்ஸ் கதவைத் தட்டினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் நோயாளிக்கு ஒரு நன்மை இருந்தது. அவர் வாசலில் இறங்கிய நேரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் நாள்வரை அவருடைய கதை ஒரே ஆளிடம் இருந்தது. எந்த அம்மாவுக்கு நேற்றிலிருந்து சிறுநீர் குறைவு, எந்தத் தாத்தாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, எவருடைய மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அவனுக்கு யார் மூலம் செய்தி அனுப்புவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கதையைச் சுமந்த ஆள் தூங்காத ஆள். முப்பது மணி நேரம் விழித்திருந்த ஒருவர் மருந்தின் அளவைக் கணக்கிடுவதை இன்று என் வாட்டில் நான் அனுமதிக்கமாட்டேன். அன்று அதை அர்ப்பணிப்பு என்று மனதார நம்பினோம்.

இப்போது நான் பொறுப்பாக இருக்கும் மருத்துவ வாட்டில் பகலுக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டதால் இடையில் வேறு வாட்டிலிருந்து ஒருவர் வந்து கைகொடுப்பதும் உண்டு. பிள்ளைகள் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வீட்டுக்குப் பேசுகிறார்கள். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் ஒரே நாளுக்குள் நோயாளி மூன்று பேரிடம் போகிறார். டொக்டரைக் களைப்பிலிருந்து காப்பாற்றப் போய், ஒருவரிடம் முழுதாக இருந்த கதையைப் பல பேருக்குப் பங்கு பிரித்துவிட்டோம்.

இது எங்கள் மலைக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. 1984-இல் நியூயோர்க்கில் லிபி ஸயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்துக்குள் இறந்தாள். அவளைப் பார்த்தவர்கள் பயிற்சி டொக்டர்மார். அவளுடைய தகப்பன் சிட்னி ஸயன் பத்திரிகைக்காரர், விடாமல் போராடினார். 1989-இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி டொக்டர்மாரின் வேலையை வாரத்துக்கு 80 மணி நேரம் என்று கட்டுப்படுத்தியது. 2003-இல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. 2011-இல் முதலாம் ஆண்டுக்காரர் ஒரே மூச்சில் 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றார்கள். 2017-இல் அதைத் தளர்த்தவும் செய்தார்கள். மணி குறையக் குறைய ஆள் மாறுவது கூடியது. ஆள் மாறும் இடத்தில் ஆபத்து இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. தடுத்திருக்கக்கூடிய கேடுகள், நோயாளியை வழக்கமாகப் பார்க்காத வேறு அணியின் டொக்டர் காவலுக்கு இருந்த வேளைகளில் அதிகமாக நடந்தன என்று 1994-இலேயே பொஸ்டனில் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளர் பாதுகாப்புக்கென்று ஒன்பது வழிகளை வெளியிட்டபோது கையளிப்பு நேரத்துப் பேச்சும் அதில் ஒன்றாக இருந்தது.

நுவரெலியா மாவட்டத்தில் கையளிப்பு என்பது டொக்டருக்கு டொக்டர் சொல்வதோடு தொடங்குவதில்லை. லயத்தில் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று 1872-இலும் பிறகு 1912-இலும் வெள்ளைக்கார ஆட்சி சட்டம் போட்டது. அந்த வழியில் வந்தவைதான் தோட்டத்து டிஸ்பென்சரியும் சின்ன ஆஸ்பத்திரியும். அங்கே இருப்பவர் தோட்ட மருத்துவ உதவியாளர். சனங்களுக்கு அவர்தான் டொக்டர் ஐயா. அவர் பார்த்து, தன்னால் முடியாது என்றால் துண்டு எழுதிக் கொடுப்பார். தோட்டத்துத் துரை லொறி கொடுக்க வேண்டும். கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, வளைவு வளைவாக இறங்கி வருவார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு கை, ஆதார வைத்தியசாலையில் ஒரு கை, அங்கேயும் முடியாவிட்டால் கண்டி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு. நான் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் பிள்ளை. அதனால்தானோ என்னவோ, டொக்டரான பிறகும் முதலில் துண்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.

ஒரு விடியற்காலை பிரசவ வாட்டுக்கு வலிப்போடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நிறை கர்ப்பம். துண்டில் ஆங்கிலத்தில் இரண்டே செய்தி: வலிப்பு, ஊசி போடப்பட்டது. என்ன ஊசி, எத்தனை, எப்போது? அது ஒன்றும் இல்லை. தூக்க மருந்து ஏற்கெனவே ஏறியிருந்தால் நாங்கள் மேலும் போடுவது மூச்சையே நிறுத்திவிடும். போடாமல் விட்டால் அடுத்த வலிப்பு. தொலைபேசியில் அந்தத் தோட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் ஓரமாகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் தாய் பேசினார்.

“ரெண்டு ஊசிங்க அம்மா. ஒண்ணு கை நரம்புல, ஒண்ணு இடுப்புல. ஆலையில சங்கு ஊதுனப்ப மொத ஊசி. ரெண்டாவது லொறியில ஏத்துறதுக்கு முந்தி. வர்ற வழியில ஒரு தடவ கை கால் இழுத்துச்சு, பாலத்துக்கிட்ட.”

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தார். மருந்துப் பெயர் அதில் அச்சாகி இருந்தது. ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்பது எனக்குத் தெரியும். தாயும் பிள்ளையும் வீடு போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அன்று தந்த அளவுக்கு முழுமையான கையளிப்பை அதற்குப் பிறகு வந்த எந்த மாற்றல் படிவத்திலும் நான் பார்க்கவில்லை. என்ன நடந்தது, என்ன கொடுத்தார்கள், எந்த நேரத்தில், அதன்பின் என்ன ஆனது, கையோடு சாட்சி. எதுவும் விடுபடவில்லை.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். 2016-இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018-இலிருந்து படிப்படியாக நாடு முழுவதற்கும் விரிந்தது. காசு இல்லை, லொறிக்குத் துரையின் தயவும் வேண்டாம். 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடத்தை இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தார். தோட்ட ஆஸ்பத்திரிகள் பல அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டன. ஒக்ஸிஜனோடு, பயிற்சி பெற்ற ஆளோடு நோயாளி வருகிறார். மலைப்பாதையில் மூன்று மணி நேரம் லொறியில் குலுங்கி இறந்துபோனவர்களைத் தெரிந்தவள் நான். இந்த மாற்றத்தின் அருமை எனக்குத் தெரியும்.

அதே வேகத்தில் ஒன்று பின்தங்கிவிட்டது. லொறியில் வந்த நாளில் நாலு பேர் கூட ஏறி வந்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா, கங்காணி, தாய், மாமன் என்று எல்லோரும் சேர்ந்து, அடித்துப் பேசி, ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்லி, கதையை முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்று அம்புலன்ஸில் ஒருவர் ஏறுகிறார், பல நேரம் அந்த நேரத்தில் லயத்தில் கிடைத்த ஒருவர். காலையில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தவர் இன்னும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். நோயாளி நாற்பது நிமிடத்தில் வந்துவிடுகிறார். கதை சாயங்காலம் பஸ்ஸில் வருகிறது. அது வந்து சேரும்போது காலையில் அட்மிட் பண்ணிய டொக்டர் வேலை முடிந்து போயிருப்பார். வாசலில் காவலாளி, பார்வையாளர் நேரம் முடிந்தது என்பார்.

குளவிக் கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்து ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேரைக் கொட்டி ஆஸ்பத்திரி நிறைந்துபோவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. கொட்டுப்பட்டவருக்கு இரத்த அழுத்தம் விழும். அட்ரினலின் போட்டால் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார். அவரைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. ஆனால் சில மணி நேரம் கழித்து, மருந்தின் பலம் போன பிறகு, சிலருக்கு அழுத்தம் மறுபடி விழும். அதுவும் தாண்டி, நிறையக் கொட்டு வாங்கியவர்களுக்குத் தசை சிதைந்து ஓரிரண்டு நாளில் சிறுநீரகம் பழுதடையலாம். ஆக அந்த நோயாளியைப் பற்றி இரவு டொக்டருக்குத் தெரிய வேண்டியது, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதல்ல. அவருக்கு இனி என்ன ஆகக்கூடும் என்பது.

பயிற்சி டொக்டர்மார் கையளிப்பில் என்ன சொல்கிறார்கள்? “பதினாலாம் பெட், வாஸ்ப் ஸ்டிங், ஓகே.” வேலை முடிந்த களைப்பில் எல்லா நாட்டிலும் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பதினாலாம் பெட் வியர்த்துக் குளிர்ந்து கிடந்ததை நான் பயிற்சிக் காலத்தில் இன்னொரு வாட்டில் பார்த்திருக்கிறேன். காப்பாற்றியது ஒரு தாதி. அவருடைய ஊர் தோட்டத்துக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமம். குளவிக் கொட்டின் போக்கு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யாரும் சொல்லாமலே மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். ஒருவருடைய உயிர் அந்தத் தாதி எங்கே பிறந்தார் என்பதில் தங்கியிருக்கக்கூடாது.

பதினாலாம் பெட் என்ற பேச்சே எங்கள் வாட்டுகளுக்குப் பொருந்தாது. டெங்குக் காலத்தில் கட்டிலில் இருவர், கீழே பாயில் ஒருவர். மத்தியானம் பதினாலில் இருந்தவர் இரவு ஒன்பதில் இருப்பார். பெயரைச் சொன்னாலும் போதாது. ஒரே வாட்டில் மூன்று லெட்சுமி இருப்பது எங்களுக்குச் சாதாரணம். பெயர், தோட்டம், டிவிஷன், வயது என்று நான்கையும் சொல்லாமல் என் வாட்டில் யாரும் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் லெட்சுமி வந்த அன்று புரிந்துகொள்வார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது பிள்ளை மருத்துவப் பயிற்சி நிலையங்களில் ஐ-பாஸ் என்ற கையளிப்பு முறையைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 10,740 அனுமதிகளைப் பார்த்தார்கள். முறையைக் கற்பித்த பிறகு மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன; தடுக்கக்கூடிய கேடுகள் 30 சதவீதம். நேரம் இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் அதே ஆய்விலிருந்து இன்னொரு செய்தியைச் சொல்வேன். ஒரு நோயாளியைப் பற்றி வாயால் சொல்ல முன்பு எடுத்தது 2.4 நிமிடம், பின்பு 2.5 நிமிடம்.

அந்த முறை ஐந்து படிகள் கொண்டது. நோய் எவ்வளவு கடுமை, கதைச் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள் என்ற முதல் மூன்றும் எப்படியாவது வந்துவிடும், நோயாளியின் கட்டில்தலைக் குறிப்பான பீ.எச்.டீ.யிலும் பாதி எழுதியிருக்கும். நாலாவதும் ஐந்தாவதும்தான் உயிர். நாலாவது, இன்றிரவு இவருக்கு என்ன ஆகலாம், ஆனால் என்ன செய்ய வேண்டும். குளவி கொட்டியவருக்கு அழுத்தம் இவ்வளவுக்குக் கீழே போனால் அட்ரினலின் உடனே, என்னைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். சிறுநீர் கறுத்தால், குறைந்தால் எழுப்புங்கள். ஐந்தாவது, கேட்டவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது.

இந்த ஐந்தாவதை நம் பிள்ளைகளுக்குப் பழக்குவதுதான் கஷ்டம். சீனியரிடம் திருப்பிச் சொன்னால் பாடம் ஒப்புவிப்பது மாதிரி இருக்கிறது என்று வெட்கப்படுகிறார்கள். சீனியருக்கோ, என் பேச்சில் சந்தேகமா என்ற கோபம். நான் அவர்களைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒருநாள் அழைத்துப்போனேன். கணக்கப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்வார். கொழுந்து கொட்டும் பெண் அதைத் திருப்பிச் சொல்லி, துண்டில் விழுந்த எண்ணையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அவளுடைய அன்றைய சம்பளம் அதில் இருக்கிறது. அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. அரைக் கிலோ கொழுந்துக்கு இருக்கும் இந்தக் கவனம் அந்தப் பெண் காய்ச்சலோடு வந்து படுத்தால் அவளுக்கும் கிடைக்க வேண்டும் என்று அங்கேயே நின்று சொன்னேன்.

மொழி இன்னொரு மலை. மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர். பீ.எச்.டீ. ஆங்கிலத்தில். தாதிமார் தங்களுக்குள் மாறும்போது கையளிப்பு சிங்களத்தில். நோயாளி சொன்னது தமிழில். கதை மூன்று மொழி ஏறி இறங்குகிறது. காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நல்லவர்கள். தமிழ் கற்க முயல்கிறார்கள். நெஞ்சு வலி, மூச்சு, வயிற்றோட்டம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். ஆனால் “நெஞ்சு அடைக்குது”, “மேலுக்கு முடியல”, “கிறுகிறுன்னு வருது” என்பவற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, கட்டிலருகே நின்று கேட்க வேண்டும். அதனால் மாலைக் கையளிப்பை மேசையிலிருந்து கட்டிலருகே கொண்டுவந்தேன். கடுமையான நோயாளிகளை இரு டொக்டரும் தாதியும் ஒன்றாகப் போய்ப் பார்க்கிறார்கள். சொல்லி முடித்ததும் தமிழ் தெரிந்த ஒருவர் நோயாளியிடமோ துணைக்கு இருப்பவரிடமோ ஒரே கேள்வி கேட்கிறார்: நாங்க எதையாவது விட்டுட்டோமா? இந்தக் கேள்விக்கு வந்த பதிலில் வேறு தோட்டத்தில் வாங்கிக் குடிக்கும் சீனி வருத்த மாத்திரையும், யாரும் எழுதாத கர்ப்பமும், மூன்று நாளாக மறைத்துவைத்த நாட்டு மருந்தும் வெளியே வந்திருக்கின்றன.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. கர்ப்பிணித் தாய் எச் 512 அட்டையைக் கையோடு கொண்டுபோகிறாள். லயத்துக்கு வரும் குடும்பநல மிஸ்ஸி எழுதியதை ஆதார வைத்தியசாலை டொக்டர் வாசிக்கிறார். நம் நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் விசாரிக்கப்படுகிறது. எங்கே தாமதம், எந்தத் தகவல் எந்த வாசலில் நின்றுபோனது என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். அன்று என் முன்னால் வந்த வலிப்புக்காரப் பெண் இன்று வந்தால் பெரும்பாலும் மக்னீசியம் சல்பேட் ஏற்றப்பட்டு வருவாள். வலிப்புக்குத் தூக்க மருந்தைவிட அதுவே மேல் என்று 1995-இல் உலகளாவிய ஆய்வு ஒன்று நிலைநாட்டியது. ஆனால் எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று தெரியாமல் மேலும் ஏற்றினால் முதலில் முழங்கால் துடிப்பு போகும், பிறகு மூச்சு போகும். மருந்து நல்லதாக ஆக, அதைப் பற்றிய செய்தி கூடவே வருவதும் அவசியமாகிறது. தாய்மாருக்குச் செய்ததை ஏன் குளவி கொட்டியவருக்கும், மாரடைப்பு வந்த ஆலைத் தொழிலாளிக்கும், விஷம் குடித்த பிள்ளைக்கும் செய்யவில்லை?

எல்லாவற்றிலும் மோசம் திரும்பிப் போகும் கையளிப்பு. ஆஸ்பத்திரிக்கு வரும்போது நான்கு பேர் அக்கறைப்படுகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது டயக்னோசிஸ் காட் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். ஆங்கிலம், சுருக்கெழுத்து, மாற்றிய மாத்திரைகள். அதை லயத்தில் வாசிப்பவர் யார்? தோட்டத்து மருத்துவ உதவியாளருக்கு அந்தக் காட் காட்டப்பட்டால் அதிர்ஷ்டம். பல வீடுகளில் அது பொலித்தீன் பையில் பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக இருக்கும், யாரும் வாசிக்காமல்.

நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில் இருப்பவர்தான் அடுத்த காவல் டொக்டர். இரவு என்ன ஆகலாம், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற அதே நாலாவது படி அவருக்கும் வேண்டும். இப்போது என் வாட்டில் காட்டின் பின்பக்கத்தில் தமிழில் மூன்று வரி எழுதாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தமிழ் எழுதத் தெரியாத டொக்டர் சொல்லச் சொல்லத் தெரிந்தவர் எழுதுகிறார். குளவி கொட்டிய பெண்ணுக்கு எழுதியது: “மூத்திரம் தேத்தண்ணி நிறமானால், அல்லது ஒரு நாள் முழுக்கக் குறைந்தால், அன்றே வாருங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990-க்கு அடியுங்கள்.” எழுதிய பிறகு அழைத்துப்போக வந்தவரை வாசிக்கச் சொல்கிறோம். வாசிக்கத் தெரியாதவர் என்றால் நாங்கள் சொல்கிறோம், அவர் திருப்பிச் சொல்கிறார். ஐந்தாவது படி அவருக்கும் உண்டு.

இதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பேனா, தமிழ் தெரிந்த ஒருவர், இரண்டு நிமிடம். மஸ்கெலியாவிலும் லிந்துலையிலும் பொகவந்தலாவையிலும் வேலை பார்க்கும் இளம் டொக்டர்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இன்று மாலை உங்கள் வாட்டில் யார் வீட்டுக்குப் போகிறாரோ அவருடைய காட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள்.